அகரத்துக்கு அபராதம்

செவ்வாய் மாலை ஏழு மணி.
சாட்ஸ்வொர்த் நூலகத்தின் பின்னறை.
மடக்கு நாற்காலி பதினாறு,
ஆறிப்போன தேநீர்,
யாரோ சுட்டுக் கொண்டுவந்த கீரை பஜ்ஜி.

டர்பன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் நான்.
முப்பது மீட்டர் உயரத்தில் கண்ணாடிக் கூண்டு.
அங்கே எனக்கு நாலு சொல் போதும்:
தூக்கு. இறக்கு. இடப்பக்கம். நில்.
இருபத்தொரு வருஷம்.
வீட்டிலும் அந்த நாலுதான் என்பாள் கோமளம்.

பாதுகாப்புக் குழுவுக்கு என் பெயரை
யாரோ எழுதிப் போட்டுவிட்டார்கள்.
பேசத் தெரியவேண்டுமாம்.
வந்தேன்.

பச்சை அட்டை: ஒரு நிமிஷம் ஆயிற்று.
மஞ்சள்: முடிக்கப் பார்.
சிவப்பு: உட்கார்.
கடைசி வரிசையில் நொம்வுலா,
எலும்பு வார்டின் இரவு நர்ஸ்,
மடியில் காலி காப்பி டின்.
சொல் கிடைக்காமல் எவனாவது
‘அ…’ என்று இழுத்தால்
டிங்.
ஒரு அவரைக்கொட்டை.

முதல் நாள் என் சீட்டில் இருந்தது: குடை.
குடை என்பது… அ… டிங்.
மழை வந்தால்… அ… டிங்.
வெயிலுக்கும்… அ… டிங்.
நாற்பதே விநாடி.
விரித்த குடையை மடக்கத் தெரியாமல்
அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.
பத்தொன்பது கொட்டை.
கைதட்டினார்கள். அதுவும் விதியாம்.

எனக்குக் கோபம்.
சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் படித்ததெல்லாம்
கரும்புச் சக்கைபோலக் காய்ந்துவிட்டது.
பிசகாமல் எழுத வருவது இந்த ஒரு எழுத்துதான்.
சுழித்து, வயிறு வளைத்து, நேர்க்கோடு இழுத்து.
அதற்கா அபராதம்?

நொம்வுலாவிடமே கேட்டேன்.
‘எங்கள் மொழியில்
தெரியாது, வேண்டாம், போகமாட்டேன்
எல்லாம் அதில்தான் தொடங்கும்.
நீ எத்தனை தடவை மறுக்கிறாய் என்று
எண்ணிக்கொண்டிருக்கிறேன்,’ என்றாள்.

பதினாலு. பதினேழு. பதினொன்று.
கூண்டுக்குள் பயிற்சி.
ஒருநாள் ரேடியோவை அணைக்க மறந்துவிட்டேன்.
‘என் மதிப்புக்குரிய சபையோரே!’
கீழே வரிசையில் நின்ற
எல்லா லாரிக்காரனுக்கும் கேட்டுவிட்டது.
இன்றைக்கும் என் பெயர் அங்கே ‘சபையோர்’.

தயாளன் படையாச்சி வீடு விற்கும் தரகர்.
ஒரு கொட்டைகூட விழாது அவருக்கு.
எண்ணெய் தடவின பேச்சு.
ஏழு நிமிஷம் எதைப் பற்றிப் பேசினார் என்று
வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் யோசித்துப் பார்த்தேன்.
பஸ் நின்றது, நினைவு வரவில்லை.

ஆகஸ்டில் வடம் அறுந்தது.
என் கிரேன் இல்லை, பக்கத்து கிரேன்.
கன்டெய்னருக்கும் தரைக்கும் நடுவில்
சிஃபிசோவின் முழங்கால்.

மேலாளர்கள் ஆறு பேர், நீளமான மேசை.
அட்டை காட்ட ஆளில்லை.
எழுந்தேன்.
‘வடத்தை மாற்றச் சொல்லி மார்ச்சில் எழுதினோம்.
மே மாதம் எழுதினோம்.
ஜூலையில் எழுதிய தாள் இதோ.
போன திங்கட்கிழமை வேலைக்கு வந்தவன் பெயர்…’

அ…

தொண்டையில் அது நின்றது.
வயிறு வளைந்து,
கோடு இழுக்கப்படாமல்.
யாரும் இருமவில்லை.
ஒருவர் பேனா மூடியைத் திருகுவதை நிறுத்தினார்.
பெயர் எனக்குத் தெரியும்,
தேடவே இல்லை.
வாய்க்குள் அதற்கு இடம் போதவில்லை, அவ்வளவுதான்.

‘சிஃபிசோ,’ என்றேன்.
மிச்சத்தையும் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை.
அவன் அவள் வார்டில்தான் படுத்திருக்கிறான்.
அதனால் நொம்வுலாவுக்கு எல்லாம் தெரியும்.
‘எத்தனை?’ என்றாள்.
‘ஒன்று.’
அதைக் கணக்கில் சேர்க்கமாட்டாள் என்று
நினைத்தேன்.
டிங்.
‘விதி விதிதான்,’ என்று
பஜ்ஜித் தட்டை என் பக்கம் தள்ளினாள்.

வடத்தை இன்னும் மாற்றவில்லை.
வியாழக்கிழமை மறுபடி கூட்டம்.